புரட்சி கலையைப் பெற்றெடுத்ததா? ருஷ்யாவை முன்வைத்து ஒரு பதில்

"1917 புரட்சிதான் ருஷ்யாவில் நவீன ஓவியத்தைப் பிறப்பித்தது என்று படித்தேன். அப்படியானால் அதே புரட்சியின் அரசு பதினைந்தே ஆண்டுகளில் அதை ஏன் ஒழித்துக்கட்டியது? கலைஞர்கள் ஏமாந்துபோனார்களா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. கலை முந்தியதா, புரட்சி முந்தியதா என்பது ஒன்று. வடிவத்தில் கலகம் செய்கிறவர் அரசியலிலும் கலகக்காரராகத்தான் இருப்பாரா என்பது இரண்டாவது. தோளோடு தோள் நின்ற இருவரில் ஒருவர் மற்றவரின் கழுத்தை ஏன் நெரித்தார் என்பது மூன்றாவது. உங்களை உறுத்துவது இதுதான் என்று நினைக்கிறேன். ஓவிய மாணவர்களுக்குக் கலை வரலாறு கற்பிப்பவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். எனக்கு ருஷ்ய மொழி வாசிக்கத் தெரியாது. கடிதங்களையும் அறிக்கைகளையும் மொழிபெயர்ப்பில்தான் படித்திருக்கிறேன். ஆகவே உறுதியானதையும் விவாதத்தில் இருப்பதையும் பிரித்தே சொல்கிறேன்.

முதல் கேள்விக்குத் தயங்காமல் பதில் சொல்லலாம். கலைதான் முந்தியது. காசிமிர் மாலெவிச்சின் 'கறுப்புச் சதுரம்' பெத்ரோகிராத் (அதுவரை பீட்டர்ஸ்பர்க் என்று அழைக்கப்பட்டது) நகரில் 1915 டிசம்பரில் காட்சிக்கு வைக்கப்பட்டது. ஜார் மன்னர் அரியணையில் இருந்தார். லெனின் ஸ்விட்சர்லாந்தில் இருந்தார். ஏறக்குறைய 80 சென்டிமீட்டர் பக்கமுள்ள அந்தத் துணியை மாலெவிச் சுவரில் மாட்டவில்லை. இரண்டு சுவர்கள் கூடும் மூலையில், கூரையை ஒட்டி உயரத்தில் வைத்தார். ருஷ்ய வீடுகளில் புனிதர்களின் திருவுருவப் படங்களை வைக்கும் இடம் அது. இதைவிடத் துணிச்சலான ஒரு செயலைப் புரட்சிக்குப் பிறகு எந்த ருஷ்ய ஓவியரும் செய்யவில்லை என்பேன். அதே கண்காட்சியில் விளாதிமிர் தாத்லின் தகரம், மரம், கம்பி ஆகியவற்றால் கட்டிய 'மூலைப் புடைப்புகள்' இருந்தன. அவர் 1914இல் பாரிஸ் போய்ப் பிக்காசோவின் கட்டுமானங்களைப் பார்த்துவிட்டு வந்தவர். அந்தத் தலைமுறைக்குப் பாரிஸைக் கண்ணில் காட்டியது யார் என்று பார்த்தால், செர்கேய் ஷுகின் என்ற மாஸ்கோ ஜவுளி வணிகர் வருகிறார். அவர் வீட்டுச் சுவர்களில் ஐம்பதை ஒட்டிய பிக்காசோ ஓவியங்களும் மாட்டிஸின் மிகச் சிறந்த படைப்புகளும் இருந்தன. அவற்றைப் பார்க்க இளம் ஓவியர்களை அவர் அனுமதித்தார். புரட்சி அந்தச் சேகரிப்பை 1918இல் நாட்டுடைமையாக்கியது. ஷுகின் வெளிநாடு போய்விட்டார். ஆக, ருஷ்ய நவீன ஓவியத்துக்கு உரமிட்டதில் முதலாளி வர்க்கப் பணத்துக்குப் பெரும் பங்கு உண்டு. இடதுசாரி நண்பர்கள் சிலருக்கு இது கசக்கலாம். ஆனால் இதில் ஐயமே இல்லை.

இரண்டாவது கேள்விக்கும் வரலாறு தெளிவாகவே பதில் சொல்கிறது. 1905 ஜனவரியில் பீட்டர்ஸ்பர்க் வீதியில் தொழிலாளர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தபோது அதைக் கலை அகாதெமியின் ஜன்னலில் இருந்து பார்த்தவர் வாலெந்தின் செரோவ். சீமான்களின் உருவப்படங்களைப் பழைய முறையில் அற்புதமாகத் தீட்டியவர். படைக்குப் பொறுப்பாக இருந்த இளவரசரே அகாதெமியின் தலைவர் என்பதால் செரோவ் தன் உறுப்பினர் பதவியைத் தூக்கியெறிந்தார். பாணியில் மரபு, அரசியலில் நெஞ்சுரம். இத்தாலியில் இதற்கு நேர்மாறு. கவிஞர் மரினெட்டி 1909இல் வெளியிட்ட எதிர்காலவாத அறிக்கை அருங்காட்சியகங்களை இடிக்கச் சொன்னது, வேகத்தைக் கொண்டாடியது, போரை உலகின் துப்புரவுப் பணி என்று போற்றியது. அந்த மரினெட்டி பிறகு முசோலினியின் பக்கம் போய் நின்றார். ருஷ்ய எதிர்காலவாதிகளும் இத்தாலிய எதிர்காலவாதிகளும் சில ஆண்டுகள் ஏறத்தாழ ஒரே மொழியைப் பேசினார்கள்; ஒரு சாரார் செங்கொடியின் கீழும் மறு சாரார் கருஞ்சட்டையின் கீழும் போய்ச் சேர்ந்தார்கள். பிரெஞ்சுப் புரட்சியின் ஓவியராகப் போற்றப்படும் தாவீதின் 'ஹொரேஷியர்களின் சூளுரை' 1785இல் காட்சிக்கு வந்தது. அரசரின் நிர்வாகமே பணம் கொடுத்து வரையச் சொன்ன படம் அது. அதில் புரட்சியின் முன்னறிவிப்பைக் காண்பது 1789க்குப் பிறகு வந்தவர்களின் பார்வை. ஒரு பாணியைப் பார்த்து அதற்குள் இன்ன அரசியல்தான் இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. மாணவர்களிடம் நான் திரும்பத் திரும்ப வலியுறுத்துவது இதைத்தான்.

அப்படியென்றால் புரட்சி அந்தக் கலைஞர்களுக்கு என்ன கொடுத்தது? வேலை கொடுத்தது. சுவர்கள், அச்சகங்கள், பள்ளிக்கூடங்கள், பதவிகள், அருங்காட்சியகத்துக்குப் படம் வாங்கும் அதிகாரம் எல்லாம் கொடுத்தது. கொடுத்ததற்குக் காரணம் லெனினின் கட்சியினரான போல்ஷெவிக்குகளுக்கு அந்த ஓவியங்கள் பிடித்திருந்தன என்பது அல்ல. ஆட்சியைப் பிடித்த கையோடு எழுத்தாளர்களையும் கலைஞர்களையும் தங்கள் தலைமையகமான ஸ்மோல்னிக்கு வரச் சொல்லி அழைப்பு விடுத்தார்கள். கவிஞர் மாயகோவ்ஸ்கி, நாடக இயக்குநர் மேயர்ஹோல்ட் உள்ளிட்ட விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே போனார்கள் என்று நினைவுக்குறிப்புகள் சொல்கின்றன. எத்தனை பேர் என்பதில் குறிப்புகள் மாறுபடலாம். பெயர்பெற்றவர்கள் ஒதுங்கி நின்றார்கள் என்பது மாறாது. காலி நாற்காலிகளில் இளம் கலகக்காரர்கள் உட்கார்ந்தார்கள். கல்வி அமைச்சராக இருந்த லுனாசார்ஸ்கி பரந்த ரசனை உள்ளவர். அவர் ஓவியத் துறையை ஷ்டெரென்பெர்க் என்ற நவீன ஓவியரிடம் ஒப்படைத்தார். அதுவரை நண்பர்களின் தயவில் கண்காட்சி நடத்திக்கொண்டிருந்தவர்கள் ஓராண்டுக்குள் அரசு முத்திரையோடு கடிதம் எழுதத் தொடங்கினார்கள்.

இது எப்படி இருந்தது என்பதை வீடெப்ஸ்க் என்ற சிறு நகரத்தில் கிட்டப் போய்ப் பார்க்கலாம். அந்த ஊர்க்காரரான மார்க் ஷகால் 1918இல் அங்கே கலைத் துறை கமிஸாராக (அரசுப் பொறுப்பாளராக) நியமிக்கப்பட்டார். புரட்சியின் முதலாண்டு விழா வந்தது. ஊரில் வீடுகளுக்கு வண்ணம் பூசுகிறவர்களையும் பெயர்ப்பலகை எழுதுகிறவர்களையும் கூட்டி, தன் சிறு வரைபடங்களைப் பெரிய துணிகளில் தீட்டச் சொன்னார். தொழிலாளர்கள் பாடிக்கொண்டு ஊர்வலம் போன தெருக்களில் பச்சை நிறப் பசுக்களும் பறக்கும் குதிரைகளும் தொங்கின. பசு ஏன் பச்சையாக இருக்கிறது, குதிரை ஏன் பறக்கிறது, மார்க்ஸுக்கும் லெனினுக்கும் இதில் என்ன சம்பந்தம் என்று உள்ளூர்க் கட்சிக்காரர்கள் கேட்டார்களாம். இந்தக் கடைசிப் பகுதி ஷகால் தன் வாழ்க்கைக் குறிப்பில் எழுதியது. சொல்லும் சுகத்துக்காகச் சற்று மெருகேற்றியிருக்கலாம். ஆனால் அந்தக் கேள்வி அன்று நாடெங்கும் கேட்கப்பட்டது என்பதில் சந்தேகமில்லை. மாஸ்கோவில் கரோல்யோவ் செய்த, புரட்சியாளர் பக்கூனினின் சிலை உருவத்தைக் கோணங்களாக உடைத்துக் காட்டும் கனசதுர பாணியில் இருந்ததால் எதிர்ப்புக் கிளம்பி அகற்றப்பட்டது. ஜார்களின் சிலைகளை எடுத்துவிட்டுப் புரட்சியாளர்களின் சிலைகளை வைக்கும் லெனினின் 1918 திட்டத்தின்படி வந்த சிலை அது.

அதே காலத்தில் மக்களிடம் நன்றாகவே போய்ச் சேர்ந்த கலையும் உண்டு. 1919 முதல் ருஷ்யத் தந்திச் செய்தி நிறுவனத்துக்காக மாயகோவ்ஸ்கியும் ஓவியர் செரெம்னிக்கும் கூட்டாளிகளும் தயாரித்த சுவரொட்டிகள், விற்கப் பொருளில்லாத கடைகளின் கண்ணாடி ஜன்னல்களில் தொங்கின. போர்முனைச் செய்தி வந்ததும் வரைவார்கள். அட்டையில் வெட்டிய அச்சுகளை வைத்து வண்ணம் தேய்த்துப் படி எடுத்து மற்ற ஊர்களுக்கு அனுப்புவார்கள். எழுத்தறியாதவருக்கும் இரண்டு வண்ணத்தில் சேதி புரிந்தது. புரட்சியும் புதிய கலையும் உண்மையாகவே ஒன்றையொன்று வளர்த்த இடம் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். பாடப்புத்தகங்கள் முன்னிறுத்துவதோ தாத்லினின் கோபுரத்தை. உலகக் கம்யூனிஸ்ட் கட்சிகளின் கூட்டமைப்பான மூன்றாம் அகிலத்துக்கு 400 மீட்டர் உயர நினைவுச்சின்னம். சாய்ந்த இரும்புச் சுருளுக்குள் கண்ணாடி மண்டபங்கள். கீழே உள்ளது ஆண்டுக்கொரு முறை, அதற்கு மேலே உள்ளது மாதமொரு முறை, அதற்கும் மேலே உள்ளது நாளொன்றுக்கு ஒரு முறை சுழல வேண்டும். 1920 நவம்பரில் பெத்ரோகிராதில் அதன் மர மாதிரியைக் காட்டினார்கள். 1917இல் 23 லட்சம் பேர் வாழ்ந்த அந்த நகரம் பசிக்கும் குளிருக்கும் அஞ்சி மக்கள் வெளியேறியதால் ஏழு லட்சம் அளவுக்குச் சுருங்கிப்போயிருந்தது. ரொட்டியே இல்லாத ஊரில் அத்தனை இரும்புக்கு எங்கே போவது? கூட்டம் நடத்தும் மண்டபம் எதற்காகச் சுழல வேண்டும் என்று போல்ஷெவிக் தலைவர் ட்ராட்ஸ்கி கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனாலும் கட்டப்படாத அந்தக் கோபுரத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது. மனிதர்கள் அப்படியும் கனவு கண்டார்கள்.

இனி உங்கள் மூன்றாவது கேள்வி. வழக்கமாகச் சொல்லப்படும் கதை இது: லெனின் காலத்தில் கலைக்குச் சுதந்திரம் இருந்தது, ஸ்டாலின் வந்து பறித்தார். பாதி சரி. லெனினுக்கு இந்தக் கலை பிடிக்கவே பிடிக்காது. மாயகோவ்ஸ்கியின் நெடுங்கவிதை ஒன்றை 5,000 படிகள் அச்சிட லுனாசார்ஸ்கி சம்மதித்தார் என்று அறிந்து 1921 மே மாதம் அவருக்கு எழுதிய குறிப்பில், வெட்கமாக இல்லையா என்று கேட்டார். இவற்றில் பத்தில் ஒன்றை மட்டும், அதுவும் 1,500 படிகளுக்கு மேற்படாமல் அச்சிட்டால் போதும் என்றார். ஆனால் தன் ரசனையை அவர் சட்டமாக்கவில்லை. இது பெரிய வேறுபாடு, இதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. ஆயினும் எத்தனை படி அச்சாகலாம் என்பது ஆட்சித் தலைவரின் மேசைக்குப் போய்விட்டது என்பதையும் அந்தக் குறிப்பு காட்டுகிறது. தாள் அரசிடம், அச்சகம் அரசிடம், சுவர் அரசிடம், சம்பளம் அரசிடம். ஷுகின்கள் போய்விட்டார்கள். படம் வாங்க ஒருவர்தான் மிச்சம். அவருக்குப் பிடிக்காவிட்டால் வேறு கதவு கிடையாது.

இந்த நிலையைக் கலைஞர்களும் வரவேற்றார்கள் என்பதுதான் எனக்கு வலிக்கிற பகுதி. 1918 டிசம்பரில் தொடங்கி ஓவியத் துறை நடத்திய 'கம்யூனின் கலை' என்ற பத்திரிகையில், பழைய மேதைகளைச் சுவரோரம் நிறுத்த வேண்டும் என்று மாயகோவ்ஸ்கி கவிதை எழுதினார்; தங்கள் கலையே புரட்சியின் கலை என்ற தொனி அதன் பக்கங்களில் நிறைந்திருந்தது. ஒரு குறிப்பிட்ட பள்ளி அரசின் பெயரால் பேசக்கூடாது என்று அதே பத்திரிகையில் எச்சரித்தவர் அமைச்சர் லுனாசார்ஸ்கி. வீடெப்ஸ்கிலும் இதுதான் நடந்தது. ஷகால் தொடங்கிய பள்ளிக்கு 1919இல் வந்து சேர்ந்த மாலெவிச் மாணவர்களைத் தன் பக்கம் ஈர்த்துக்கொண்டார். சதுரமும் வட்டமும் பச்சைப் பசுவை வெளியேற்றின. 1920இல் ஷகால் ஊரைவிட்டே போனார். தங்கள் கையில் அதிகாரம் இருந்தபோது மற்றவர்களுக்கும் ஒரு சுவர் வேண்டும் என்று வாதாடியவர்கள் அவர்களில் மிகச் சிலரே.

1921க்குப் பிறகு அவர்களில் ஒரு சாரார் ஓவியத்தையே கைவிட்டார்கள். அலெக்சாந்தர் ரோத்சென்கோ அந்த ஆண்டு செப்டம்பரில் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று தனி வண்ணம் பூசிய மூன்று துணிகளைக் காட்டிவிட்டு ஓவியம் முடிந்தது என்றார். கலை அன்றாடப் பயன்பாட்டுக்கே என்று கருதிய இவர்கள், அதாவது கட்டமைப்புவாதிகள், ஆலைக்குப் போனார்கள். லுபோவ் பப்போவாவும் வர்வரா ஸ்டெபானோவாவும் மாஸ்கோ துணி ஆலைக்கு வடிவங்கள் வரைந்தார்கள். அவை அச்சாகி, பெண்கள் உடுத்தினார்கள். பப்போவா 1924இல் செங்காய்ச்சலில் இறந்துபோனார், வயது 35. அவர் இருந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்ற எண்ணம் அந்தத் துணி வடிவங்களைப் பார்க்கும்போது வராமல் இருக்காது.

எதிர்ப்பக்கமும் வளர்ந்துகொண்டிருந்தது. 1922இல் புரட்சி ருஷ்யக் கலைஞர்கள் சங்கம் உருவானது. தொழிலாளியை, சிப்பாயை, விவசாயியை உள்ளது உள்ளபடி வரைய வேண்டும் என்பது அதன் கொள்கை. செஞ்சேனையும் தொழிற்சங்கங்களும் அதற்குப் படம் வரையும் பணிகளைக் கொடுத்தன. உள்நாட்டுப் போரில் உயிரைப் பணயம் வைத்த ஒரு தளபதி, தன் முகம் தனக்கே அடையாளம் தெரியும்படி ஒரு படம் வேண்டும் என்று கேட்டால் அதில் என்ன குற்றம்? யதார்த்த ஓவியம் மேலிருந்து மட்டும் திணிக்கப்பட்டது என்பது முழு உண்மையாகாது. கீழேயும் அதற்கு விருப்பம் இருந்தது. எது எத்தனை பங்கு என்பதில் ஆய்வாளர்கள் இன்னமும் முட்டிக்கொள்கிறார்கள். கேள்விக்கு இடமில்லாதது 1932 ஏப்ரல் 23: எல்லாக் கலைக் குழுக்களையும் கலைக்கும்படி கட்சி ஆணையிட்டது. அதில் யதார்த்தவாதிகளின் குழுக்களும் கலைக்கப்பட்டன என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 1934இல் எழுத்தாளர் மாநாட்டில் சோஷலிச யதார்த்தவாதம் ஒரே வழி என்று அறிவிக்கப்பட்டது. மாஸ்கோவில் அச்சாகி நம் ஊர்களில் மலிவு விலையில் கிடைத்த தமிழ்ப் புத்தகங்களின் படங்களை வைத்துச் சோவியத் ஓவியத்தை அறிந்துகொண்ட தலைமுறை நம்முடையது. அந்தப் படங்களுக்கு முன்னால் இப்படியொரு கொந்தளிப்பு இருந்ததை அவை காட்டிக்கொடுக்கவில்லை.

கலைஞர்களுக்கு நேர்ந்ததில் ஒன்றைக் கவனமாகப் பிரிக்க வேண்டும். மாலெவிச் 1930இல் கைதாகி விடுவிக்கப்பட்டார்; 1935இல் புற்றுநோயால் இறந்தார். குஸ்தாவ் கிளூட்ஸிஸ் கதை வேறு. லாத்வியத் துப்பாக்கிப் படையில் இருந்து லெனினுக்குக் காவல் நின்றவர், கட்சி உறுப்பினர், உயர்த்திய கைகளும் ஸ்டாலினின் உருவமும் கொண்ட ஐந்தாண்டுத் திட்டச் சுவரொட்டிகளை ஒட்டுப்படமாகச் செய்தவர். 1938 ஜனவரியில் கைதாகி அடுத்த மாதமே சுடப்பட்டார். லாத்வியர்களைக் குறிவைத்த வேட்டையில் அவர் சிக்கினார். அவருடைய ஓவியப் பாணி அங்கே கணக்கிலேயே இல்லை. நவீனமாக வரைந்ததற்காகக் கொல்லப்பட்டார் என்று இணையத்தில் எழுதுவது தவறு. அவர் அவ்வளவு விசுவாசமாக வரைந்தும் பயனில்லாமல் போனது என்பதே உண்மை, அது இன்னும் கொடியது. ரோத்சென்கோ பிழைத்தார். 1934இல் உஸ்பெக் குடியரசின் பத்தாண்டு நிறைவுக்கு அவர் வடிவமைத்த ஆடம்பரமான புகைப்பட நூல் ஒன்று உண்டு. அதிலிருந்த தலைவர்கள் பலர் 1937, 1938இல் கைதாகிச் சுடப்பட்டார்கள். அவர்கள் படத்தை வைத்திருப்பதே ஆபத்து. ரோத்சென்கோ தன் சொந்தப் பிரதியை எடுத்து, தானே அமைத்த பக்கங்களில், அந்த முகங்களின் மேல் கறுப்பு மையை அப்பினார். சிலவற்றில் தோளும் சட்டைப் பொத்தான்களும் அப்படியே இருக்க, முகம் இருந்த இடத்தில் மைக்குழி மட்டும் இருக்கிறது.

முன்னோடிக் கலைஞர்கள் தங்கள் அழிவுக்குத் தாங்களே வழிகோலினார்களா? வாழ்க்கை முழுவதையும் ஒரே திட்டத்தில் வார்த்தெடுக்க அவர்கள் ஆசைப்பட்டார்கள், ஸ்டாலின் அந்த ஆசையைத்தான் நிறைவேற்றினார் என்று வாதிடுகிற ஆய்வாளர்கள் உண்டு. கூர்மையான வாதம்தான், ஆனால் நான் அதை ஏற்கவில்லை. துணிக்குக் கோலம் வரைய விரும்பியவரையும் மக்களைச் சுட ஆணையிட்டவரையும் ஆசையின் அளவை வைத்து மட்டும் ஒரே தட்டில் வைக்க முடியாது. ஒரே புரவலர் என்ற ஏற்பாட்டை அவர்கள் விரும்பி ஏற்றார்கள் என்பதோடு நான் நின்றுகொள்கிறேன். அதற்கு மெக்ஸிகோ எனக்குச் சான்று. அங்கும் 1910இல் புரட்சி வெடித்தது. 1921க்குப் பிறகு அரசு தன் கட்டடச் சுவர்களை ரிவேரா, ஓரோஸ்கோ, சிகெய்ரோஸ் ஆகிய ஓவியர்களுக்குத் திறந்துவிட்டது. ஆனால் அவர்களுக்கு வேறு கதவுகளும் இருந்தன. நியூயார்க்கில் ராக்பெல்லர் கட்டடத்துக்குத் தீட்டிய சுவரோவியத்தில் ரிவேரா லெனினின் முகத்தை வைத்தார், அழிக்க மறுத்தார், 1934இல் அந்தச் சுவரையே உடைத்துவிட்டார்கள். அதே ஆண்டு அவர் அந்த ஓவியத்தை மெக்ஸிகோ நகரத்தின் நுண்கலை மாளிகையில் மறுபடி தீட்டினார். இன்றும் போய்ப் பார்க்கலாம். மாலெவிச்சுக்கு அப்படி இரண்டாவது சுவர் இருக்கவில்லை. ஆகவே, ஏமாந்தார்களா என்று கேட்டால், ஏமாற்றப்பட்டதைவிடத் தங்களை முழுமையாக ஒப்படைத்துவிட்டார்கள் என்பது பொருத்தம். அதிலும் 1918இன் பசியையும் உற்சாகத்தையும் அறியாத நாம் அவர்கள்மீது தீர்ப்பு எழுத அவசரப்பட வேண்டாம்.

மேலே படிக்கப் போகிறீர்கள் என்றால் ஒரு எச்சரிக்கை. அரை நூற்றாண்டுக்கு மேல் இந்தப் படங்கள் கிடங்குகளிலும் கட்டிலடிகளிலும் கிடந்தன. மாஸ்கோவில் வெளிநாட்டுத் தூதரகத்தில் வேலை பார்த்த ஜார்ஜ் கோஸ்தாகிஸ் என்ற கிரேக்கர் அவற்றைத் தேடித் தேடிச் சேர்த்தார்; 1977இல் நாட்டை விட்டுப் போகும்போது பெரும் பகுதியை மாஸ்கோவின் திரெத்யகோவ் காட்சிக்கூடத்தில் விட்டுச் சென்றார்; எஞ்சியது இன்று கிரீஸின் தெசலோனிகி நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முறையான விற்பனைப் பதிவுகள் இல்லாத காரணத்தால் இந்தத் துறையில் போலிகள் மலிந்திருக்கின்றன. ஜெர்மனியின் கொலோன் நகரிலுள்ள லுட்விக் அருங்காட்சியகம் தன்னிடம் இருந்தவற்றிலேயே அசலையும் போலியையும் பிரித்து 2020இல் ஒரு கண்காட்சி நடத்தியது. ஆண்டுகளிலும் கவனம் தேவை: மாலெவிச்சே 'கறுப்புச் சதுர'த்துக்கு 1913 என்று தேதியிட்டார், ஒரு நாடக மேடைக்கு வரைந்ததில் அதன் கரு பிறந்தது என்பதால். ஆகவே படத்தின் கீழே அச்சிட்டிருக்கும் ஆண்டை நம்பாமல், அது முதலில் எந்தக் கண்காட்சியில் காட்டப்பட்டது என்று தேடுங்கள். அந்த ஒரு விவரம் கிடைத்தால், படம் புரட்சிக்கு முந்தியதா பிந்தியதா என்ற சண்டை பெரும்பாலும் அங்கேயே தீர்ந்துவிடும்.